27 கஜம் குறைந்த கதை: ‘ரன்னிங் பேக்’ என்றால் யார்?

2024 டிசம்பர் 31. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிளெண்டேல் என்ற ஊர். பாய்ஸி ஸ்டேட், பென் ஸ்டேட் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள் அமெரிக்க ஃபுட்பாலில் மோதுகின்றன. பாய்ஸி அணியில் ஆஷ்டன் ஜென்டி என்று 21 வயது இளைஞர். அன்றைக்கு அவர் பந்தோடு 132 கஜம் ஓடிவிட்டால் போதும், 36 வருடமாக யாராலும் தாண்ட முடியாத ஒரு சாதனை உடையும். 30 தடவை பந்தை வாங்கிக்கொண்டு ஓடினார். கிடைத்தது 104. அந்த சீசனில் அவர் ஓடிய மொத்தக் கணக்கு 2,601-இல் நின்றுபோனது. பழைய சாதனை 2,628.

27 கஜம் குறைவு. கஜம் என்றதும் ஜவுளிக்கடை ஞாபகம் வரும். அதே கஜம்தான், கிரிக்கெட்டில் யார்டு என்கிறோமே, அது. பிட்சின் நீளம் 22 கஜம். அதோடு இன்னும் நாலைந்து எட்டு வைத்தால் ஜென்டியின் பாக்கி தீர்ந்திருக்கும். 14 ஆட்டம் ஆடி, 374 முறை ஓடி, கடைசியில் அவ்வளவுதான் மிச்சம்.

அந்தப் பழைய சாதனையை 1988-இல் வைத்தவர் பெயர் பாரி சாண்டர்ஸ். ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர். அவர் அதை எடுத்தது 11 ஆட்டங்களில். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ‘ரன்னிங் பேக்’ என்ற வேலையைப் புதிதாகத் தெரிந்துகொள்பவருக்கு இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கஜம் கஜமாக எண்ணப்படுகிற வேலையில் இருந்துகொண்டு, அந்த எண்ணிக்கையை ஒரு பொருட்டாகவே மதிக்காத மனிதர் அவர்.

முதலில் ஆட்டம்

பெயரில் ஃபுட் இருந்தாலும் அமெரிக்க ஃபுட்பாலில் காலால் உதைப்பது எப்போதாவதுதான். பந்து உருண்டையாகவும் இருக்காது. உரிக்காத சின்னத் தேங்காயை இரண்டு முனையிலும் இன்னும் கொஞ்சம் கூராக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது வீசிப் பிடிக்க வேண்டும்.

மைதானம் 100 கஜம் நீளம். இரண்டு கோடியிலும் 10 கஜ ஆழத்துக்கு ‘எண்ட் சோன்’. எதிரணியின் எண்ட் சோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அணிக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘டவுன்’ என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அவ்வளவுதான். மற்ற விதிகளையெல்லாம் பார்க்கப் பார்க்கத் தெரிந்துகொள்ளலாம்.

பத்து கஜம் ஆயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து இரண்டு பேர் கம்புகளில் கட்டிய சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்து இழுத்துப் பிடித்து அளப்பார்கள். ஒரு லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நம்மூர் சர்வேயர் வரப்புத் தகராறு தீர்ப்பது போலவே இருக்கும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

பந்தை முன்னே கொண்டுபோக இரண்டு வழி. ‘குவார்ட்டர்பேக்’ என்ற தலைமை ஆட்டக்காரர் தூரத்தில் இருப்பவருக்கு வீசலாம். பலித்தால் ஒரே வீச்சில் 40 கஜம். பலிக்காவிட்டால் ஒன்றும் இல்லை, அல்லது எதிராளி பிடித்துக்கொள்வான். இன்னொரு வழி, பக்கத்தில் நிற்பவர் வயிற்றில் பந்தைத் திணித்து, “ஓடு” என்று விடுவது. அப்படி ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். தடவைக்கு நான்கு கஜம் என்று மூன்று தடவை ஓடினால் பன்னிரண்டு ஆயிற்று, புது வாய்ப்பு வந்தாயிற்று. அதனால் சராசரி 4 என்றால் பரவாயில்லை, 5 என்றால் நல்ல ஓட்டக்காரர், 6 என்றால் ஊரே பேசும். 1988-இல் சாண்டர்ஸின் சராசரி 7.6.

கபடி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ரெய்டு போகிறவர் ஏழு பேருக்கு நடுவே தனியாக நிற்பது போல, பந்தை வாங்கியவர் பதினொரு பேருக்கும் குறி ஆகிவிடுகிறார். கபடியில் தொட்டுவிட்டுத் திரும்பி வரலாம். இங்கே திரும்புகிற பேச்சே இல்லை. போகிற வரை போக வேண்டும், யாராவது கீழே தள்ளுவார்கள், எழுந்து வந்து மறுபடி போக வேண்டும்.

நான்கு விநாடி

ஒரே ஒரு ஓட்டத்தை அருகில் போய்ப் பார்ப்போம்.

முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். ஒவ்வொருவரும் 130 கிலோவுக்குக் குறைய மாட்டார்கள். எதிரே அதே கனத்தில் எதிரணி. பின்னால் குவார்ட்டர்பேக். அவருக்கும் பின்னால், அல்லது பக்கவாட்டில், நம் ஆள். ஜென்டி இந்த இடத்தில் கைகளைத் தொங்கவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல விறைப்பாக நிமிர்ந்து நிற்பார். மற்றவர்கள் முழங்காலில் கைவைத்துக் குனிந்து நிற்பது வழக்கம்.

சென்டர் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் தருகிறார். முன்வரிசை முட்டிக்கொள்கிறது. ரன்னிங் பேக் ஓர் அடி எடுத்து வைக்கும்போதே ஒரு கை மார்புக்குக் குறுக்கே மேலேயும், இன்னொரு கை வயிற்றுக்குக் கீழேயும் வந்து ஒரு பை போல ஆகிவிடும். அந்தப் பைக்குள் பந்து வந்து விழுகிறது. அவர் பந்தைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கண் பந்தில் இருந்தால் ஓட்டம் கெட்டது.

பார்வை முழுக்க முன்வரிசையில்தான். கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும் என்று பயிற்சியாளர் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பார். நிஜத்தில் அது திறக்கலாம், திறக்காமலும் போகலாம். திறந்து அரை விநாடியில் மூடிவிடலாம். எதிராளியின் தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து, அடுத்த சந்து எது என்று கண் சொல்லும். உடனே ஒரு காலைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வந்த வேகம் குறையாமல் வேறு திசையில் பாய வேண்டும். இதற்குப் பெயர் ‘கட்’. நேர்கோட்டில் இவரைவிட வேகமாக ஓடுபவர் ஒவ்வொரு கல்லூரியிலும் நாலு பேர் இருப்பார்கள். சந்தைக் கண்டுபிடிக்கிற கண் அவர்களில் ஒருவருக்கு இருந்தாலே அதிசயம்.

பிறகு மோதல். பந்தின் ஒரு முனையை விரல்கள் மூடியிருக்கும், மறுமுனை முழங்கையின் மடிப்புக்குள் புதைந்திருக்கும், பந்து விலாவோடு ஒட்டியிருக்கும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் போகிறவர் போல. பந்து நழுவினால் அது ‘ஃபம்பிள்’. யார் எடுத்தாலும் எடுத்தவருக்குச் சொந்தம். இரண்டு ஃபம்பிள் செய்த புதுப் பையன் அடுத்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

மொத்தம் நான்கு விநாடிகூட ஆகியிருக்காது. கிடைத்தது மூன்று கஜம். கைதட்டக்கூட யாரும் இல்லை.

டிவியில் கவனிக்கத் தவறும் இன்னொரு வேலையும் இவருக்கு உண்டு. குவார்ட்டர்பேக் வீசுவதற்காகப் பந்தோடு நிற்கும்போது, அவரை அமுக்க ஓடிவரும் முரட்டு ஆளை இடையில் போய்த் தடுப்பது. எந்தப் பக்கமிருந்து யார் வருவான் என்று பந்து நகருமுன்பே ஊகிக்க வேண்டும். பள்ளியில் ஆயிரக்கணக்கில் கஜம் குவித்துவிட்டு வரும் பதினெட்டு வயதுக்காரர்கள் கல்லூரியில் முதல் வருடம் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஓடத் தெரியும், தடுக்கத் தெரியாது.

கல்லூரி என்றால் எவ்வளவு பெரிய கல்லூரி?

நம்மூரில் கல்லூரி விளையாட்டு என்றால் பி.டி. மாஸ்டர், ஒரு வேன், பிரியாணிப் பொட்டலம். அமெரிக்காவில் கதை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சனிக்கிழமைதோறும் அது நிரம்பும். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ என்ற அமைப்பின் மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. தொழில்முறை ஆட்டமான என்எஃப்எல்-க்கு ஆட்களைத் தயார் செய்யும் நாற்றங்கால் இதுதான். பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாதவரை என்எஃப்எல் சேர்த்துக்கொள்ளாது. அதனால் ஓட்டக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

மாணவருக்கு ஐந்து வருடம், அதில் நான்கு சீசன் ஆடலாம் என்பது நெடுங்காலக் கணக்கு. கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ‘விருப்பப்பட்டு’ அதிகாலையில் ஜிம்முக்கு வருவது அந்த 20-இல் சேராது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கூரை வேலைக்காரரின் மகன்

சாண்டர்ஸ் பிறந்தது 1968-இல், கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில். அப்பா வில்லியம் கூரை போடும் வேலையும் தச்சு வேலையும் செய்தவர். வீட்டில் பதினொரு பிள்ளைகள், பாரி ஏழாவது. வேலை இருக்கும் நாட்களில் அப்பா பையன்களையும் கூரைக்கு ஏற்றிவிடுவார்.

பையன் குட்டை. வளர்ந்து முடித்தும் ஐந்தடி எட்டு அங்குலம்தான். பள்ளி அணியில் கடைசி வருடம் நான்காவது ஆட்டத்தில்தான் ரன்னிங் பேக் இடமே கிடைத்தது. அதற்குள் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு வேண்டிய பையன்களைப் பிடித்து முடித்திருந்தன. கிடைத்த சில அழைப்புகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 1986-இல் ஒக்லஹோமா ஸ்டேட்டில் சேர்ந்தார்.

அங்கே போனால், அவர் ஆட வேண்டிய இடத்தில் தர்மன் தாமஸ் நிற்கிறார். பின்னாளில் பஃபலோ பில்ஸ் அணிக்காக ஆடி, 1991-இல் என்எஃப்எல்-இன் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய அதே தாமஸ். இரண்டு வருடம் சாண்டர்ஸுக்கு அவருக்குப் பின்னால் நிற்கிற வேலை. தாமஸுக்கு மூச்சு வாங்கும்போது போய் நாலு ஓட்டம் ஓடிவிட்டு வருவது. மற்றபடி, எதிரணி உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவது. அதிலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1987 சீசனின் முதல் உதையையே பிடித்து 100 கஜம் ஓடி டச்டவுன் போட்டார்.

தாமஸ் கிளம்பிய பிறகு, 1988 சீசன் தொடங்கியது. முதல் உதை. மறுபடி 100 கஜம், மறுபடி டச்டவுன்.

1988

அந்த வருடக் கணக்கை ஆட்ட வாரியாகவே தருகிறேன், அப்போதுதான் உறைக்கும். 178, 157, 304, 174, 189, 154, 320, 215, 312, 293, 332. கூட்டிப் பாருங்கள், 2,628 வரும். ஒரு ஆட்டத்தில் 100 கஜம் தாண்டினாலே மறுநாள் பேப்பரில் பெயர் வரும் வேலை இது. இவர் 150-க்குக் கீழே இறங்கவே இல்லை. 300-ஐ நான்கு தடவை தாண்டினார். ஓட்டத்தில் 37 டச்டவுன், உதையைத் திருப்பி ஓடியதையும் சேர்த்து 39. அதற்கு முன் இருந்த சாதனை 1981-இல் மார்கஸ் ஆலன் எடுத்த 2,342.

ஆனால் அந்த 2,628 கஜத்தைக் கிலோமீட்டராக மாற்றினால் 2.4 வருகிறது. காலை நடையில் நாம் போய்வருகிற தூரம். அதற்கு அவர் 344 தடவை ஓடினார். அந்த 344-இல் டச்டவுனில் முடிந்த 37 போக, மற்றதெல்லாம் கிட்டத்தட்ட யாரோ ஒருவர் மேலே விழுந்து முடிந்தவை. ரன்னிங் பேக்கின் கஜம் ஏன் இவ்வளவு விலை போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

ஓட்டம் எப்படி இருந்தது? பெரிய உடம்புக்காரர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். சாண்டர்ஸுக்குத் தொடைகள் மட்டும் மரம் போல. மற்றபடி அவர் யாரையும் இடிக்க விரும்பியதில்லை. பிடிக்க வருகிறவன் கையை நீட்டும்போது அந்த இடத்தில் இருக்க மாட்டார். பழைய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். எதிராளிகள் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுவது ஒரு நகைச்சுவைக் காட்சி போல இருக்கும். டச்டவுன் போட்டதும் ஆட்டம் பாட்டம் கிடையாது. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு, கடையில் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டவர் போலத் திரும்பி நடப்பார்.

அந்த வருட இறுதியில் ஹைஸ்மன் விருது. 1935 முதல் கல்லூரி ஃபுட்பாலின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குத் தருவது. பந்தை இடது கையில் இடுக்கி, வலது கையை நீட்டி எதிராளியைத் தள்ளும் ஒரு வீரனின் வெண்கலச் சிலை. சிலையே பந்தோடு ஓடுகிறவரின் சிலைதான். 1973 முதல் 1983 வரை தொடர்ந்து பதினொரு வருடம் அதை ரன்னிங் பேக்குகளே வாங்கினார்கள். 2000-க்குப் பிறகு வாங்கியவர்கள் மூன்றே பேர்: ரெஜி புஷ், மார்க் இங்க்ரம், டெரிக் ஹென்ரி. ஆட்டம் வீச்சுக்கு மாறிவிட்டது. சிலை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விருது அறிவிப்பு நியூயார்க்கில் நடந்தபோது சாண்டர்ஸ் டோக்கியோவில் இருந்தார். சீசனின் கடைசி ஆட்டத்தை அங்கே வைத்திருந்தார்கள். அவருக்கு அது காலை நேரம். செயற்கைக்கோள் வழியாகப் பேட்டி எடுத்து, நீங்கள்தான் என்று சொன்னார்கள். அவர் மைதானத்துக்குப் போய் டெக்சாஸ் டெக் அணிக்கு எதிராக 44 தடவை பந்தை வாங்கி 332 கஜம் ஓடினார். 45-42 என்று வெற்றி.

கணக்கில் ஒரு சிக்கல்

சீசன் முடிந்ததும் நல்ல அணிகளுக்கு ‘பௌல்’ ஆட்டம் என்று கூடுதலாக ஒன்று உண்டு. அந்த வருடம் ஹாலிடே பௌலில் வயோமிங் அணியை ஒக்லஹோமா ஸ்டேட் 62-14 என்று தோற்கடித்தது. சாண்டர்ஸ் 222 கஜம், 5 டச்டவுன். அதைச் சேர்த்தால் 2,850. ஆனால் சேர்க்க முடியாது. பௌல் ஆட்டத்தின் எண்களை என்சிஏஏ சீசன் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது 2002-இலிருந்துதான். பழசுக்கு அது பொருந்தாது.

இப்போது ஜென்டியின் 2,601-ஐத் திரும்பிப் பாருங்கள். வழக்கமான 12 ஆட்டங்களில் அவர் எடுத்தது 2,288. தங்கள் லீகின் இறுதி ஆட்டத்தில் 209. கிளெண்டேலில் நடந்த பௌல் ஆட்டத்தில் 104. ஆட்டம் மூன்று கூடுதல், விதியும் அவர் பக்கம், அப்படியும் எட்டவில்லை. இதனால் ஜென்டியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எதிரணி முழுவதும் இவர் ஒருவரையே குறிவைத்து நின்ற ஆட்டங்களில், மேலே விழுந்தவர்களை உதறிவிட்டு அவர் எடுத்த கஜம்தான் அதிகம். அந்த வருட ஹைஸ்மனில் டிராவிஸ் ஹன்டருக்கு அடுத்த இரண்டாம் இடம் அவருக்கு. வெவ்வேறு நீளமுள்ள சீசன்களை ஒரே பட்டியலில் எழுதிவைத்தால் இப்படித்தான் குழப்பம் வரும்.

பிறகு

1989 தொடக்கத்தில் ஒக்லஹோமா ஸ்டேட் மீது விதிமீறலுக்காக என்சிஏஏ தண்டனை விதித்தது. பௌல் ஆட்டம் இல்லை, டிவி ஒளிபரப்பு இல்லை. சாண்டர்ஸுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. இருந்து என்ன செய்வது என்று கிளம்பினார். என்எஃப்எல் சிறப்பு அனுமதி தந்தது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாவதாக டெட்ராய்ட் லயன்ஸ் அவரை எடுத்தது.

முதல் சீசனின் கடைசி ஆட்டம். லயன்ஸ் ஜெயிப்பது உறுதியாகிவிட்டது, சாண்டர்ஸ் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவர் கணக்கு 1,470. அந்த வருடம் என்எஃப்எல்-இல் அதிகம் ஓடியவர் என்ற பட்டத்துக்குக் கான்சஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒக்கோயேவை முந்த வேண்டும். அவர் 1,480. பத்து கஜ வித்தியாசம். சாண்டர்ஸுக்கு அது இரண்டு ஓட்டம். போகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கு இந்த இடம் எப்போதும் ஆச்சரியம்தான். முதல் வருடமே பட்டம் என்றால் அடுத்த ஒப்பந்தத்தில் எவ்வளவு பேரம் பேசலாம்! மனிதர் அசையவில்லை.

பத்து சீசன் ஆடினார். 1997-இல் 2,053 கஜம். 1994-இன் கடைசி நாளில் கிரீன் பே அணிக்கு எதிரான நாக்அவுட் ஆட்டத்தில் 13 ஓட்டத்தில் மைனஸ் 1 கஜம், அதுவும் அவர்தான். பின்னால் தள்ளப்பட்டால் கணக்கு கழியும். பெரிய ஓட்டத்துக்காகச் சுற்றிச் சுற்றி வழி தேடுகிறவருக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. கையில் கிடைத்த இரண்டு கஜத்தை வாங்கிக்கொண்டு போகாமல் இருபதுக்கு ஆசைப்படுகிறார் என்று அவரைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அதில் நியாயமும் உண்டு.

1999 ஜூலை. 31 வயது. அதுவரை 15,269 கஜம். வால்டர் பேட்டன் வைத்திருந்த எல்லாக் காலத்துக்குமான சாதனை 16,726. இடைவெளி 1,457. அதற்கு முந்தைய சீசனில் மட்டும் சாண்டர்ஸ் ஓடியது 1,491. அதாவது, இன்னும் ஒரு வருடம் வழக்கம்போல் ஆடினால் உலகத்திலேயே அதிகம் ஓடியவர் அவர்தான். பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊர்ப் பத்திரிகையான ‘விச்சிட்டா ஈகிள்’ அலுவலகத்துக்கு ஒரு ஃபேக்ஸ் போனது. ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழா, கண்ணீர்ப் பேட்டி ஒன்றும் இல்லை. முழங்காலும் தோளும் நன்றாக இருக்கும்போதே போய்விட்டார்.

முழங்கால்

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் மார்கஸ் லாட்டிமோர் என்று ஒருவர் இருந்தார். 2011-இல் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை, ஒரு வருட உழைப்பு, மறுபடி மைதானம். 2012 அக்டோபரில் வலது முழங்கால் மூட்டே விலகியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு அணி வீரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். என்எஃப்எல்-இன் 49ர்ஸ் அணி நம்பிக்கை வைத்து 2013 டிராஃப்டில் எடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் 2014-இல் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு 23 வயது.

காலை ஊன்றித் திரும்புவதுதான் இவர்கள் பிழைப்பு என்று மேலே சொன்னேன். ஊன்றிய காலின் மீது அதே நொடியில் நூறு கிலோ விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எலும்பு டாக்டர் தேவையில்லை. என்எஃப்எல் அணிகளும் இதைக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கின்றன. கல்லூரியில் நானூறு ஐநூறு தடவை அடி வாங்கிய உடம்புக்கு எதற்குப் பெரிய விலை என்ற எண்ணம் வந்துவிட்டது. 2013, 2014 டிராஃப்டுகளின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை. 2025-இல் ஜென்டியை ஆறாவதாக லாஸ் வேகஸ் ரைடர்ஸ் எடுத்தபோது அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது அதனால்தான்.

சம்பளம்?

சாண்டர்ஸ் 1988-இல் ஓடிய 2,628 கஜத்துக்குப் பல்கலைக்கழகம் தந்தது படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். 2005-இல் ஹைஸ்மன் வாங்கிய ரெஜி புஷ், தன் குடும்பத்துக்கு வெளியாட்கள் செய்த உதவிக்காக 2010-இல் அந்தச் சிலையைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

2021 ஜூலை 1-இலிருந்து விதி மாறியது. மாணவர் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுக் காசு வாங்கலாம். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே நேரடியாகப் பங்கு தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். புஷ்ஷின் சிலையை 2024-இல் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இப்போது நல்ல ஓட்டக்காரர் ஒருவர் சின்ன அணியில் தெரிந்தால், பெரிய அணிகள் பணத்தோடு வருகின்றன. ‘போர்ட்டல்’ என்ற பட்டியலில் பெயர் போட்டுவிட்டு வேறு கல்லூரிக்கு மாறிவிடலாம். ஜென்டிக்கும் அப்படி அழைப்புகள் வந்தன. அவர் பாய்ஸியிலேயே இருந்தார். சாண்டர்ஸ் இந்தக் காலத்தில் படித்திருந்தால் தாமஸுக்குப் பின்னால் இரண்டு வருடம் காத்திருப்பாரா என்று நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். இருந்திருப்பார் என்பது என் கட்சி. பத்து கஜத்துக்கு எழுந்திருக்காத ஆள் போர்ட்டலுக்காகவா எழுந்திருப்பார்?

பார்க்க ஆரம்பிப்பவருக்கு

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை. ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பகல் 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 9:30. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 10:30. ஞாயிறு விடியும்வரை ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டே இருக்கும்.

முதல் நாள் பந்தைத் துரத்திப் பார்க்காதீர்கள், ஒன்றும் புரியாது. பந்து நகருமுன் ரன்னிங் பேக் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். நகர்ந்ததும் அவரை விட்டுவிட்டு, முன்வரிசை கார்டு இருவரையும் பாருங்கள். அவர்களில் ஒருவர் தன் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால் பந்து அந்தப் பக்கம்தான் வரப்போகிறது. பத்துத் தடவை பார்த்தால் எட்டுத் தடவை சரியாகச் சொல்வீர்கள். மிச்ச இரண்டில் ஓட்டக்காரர் வேறு சந்து ஒன்றைக் கண்டிருப்பார். அப்போது ரீப்ளே போடுவார்கள். அவர் தலை எந்தக் கணத்தில் திரும்பியது என்று பாருங்கள்.